அக்கா வீட்டு இடது ஸ்பீக்கர்

மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு நிலையாக எரியத் தொடங்கியதும் பெனிசிமானி ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "எல்லாரையும் கூப்பிடுங்க" என்கிறார்.

யாரை என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"இந்த வீட்டுல யார் யார் படம் பாப்பாங்களோ அவங்க எல்லாரையும்."

குளித்துக்கொண்டிருப்பவன் வர வேண்டும். சமையலறையில் கிழங்கு உரிப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். கராஜில் தூங்கும் மாமாவை எழுப்ப வேண்டும். அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார வேண்டும். படுத்துக்கொண்டு பார்க்கிறவர் படுக்க வேண்டும். மடியில் குழந்தை வைத்திருப்பவள் குழந்தையைத் தூக்கிவர வேண்டும். கூச்சப்பட்டு ஓரமாக நிற்பவர்களைப் பெனி விடமாட்டார். "நின்னுக்கிட்டா படம் பாப்பீங்க? உக்காருங்க."

டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி சத்தத்தைக் காற்றில் அனுப்புகிறது. அறையின் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர்கள் அதை வாங்கிப் பேசுகின்றன. நடுவில் மனித உடம்பு வந்தால் அது சத்தத்தைக் குடித்துவிடும். எங்கள் மாங்கரே பகுதியில் வீடுகள் சிறியவை, அவற்றில் இருக்கும் தொங்கா தீவுக் குடும்பங்கள் பெரியவை, உடம்புகளும் அப்படியே.

"வெறும் வீட்டுல எந்த ஸ்பீக்கரும் பாடிடும்," என்பார் பெனி. "ஆளு நெறஞ்ச வீட்டுல பாடுதான்னு பாக்கணும்."

என் வீட்டிலும் அவர்தான் மாட்டினார். எல்லாரையும் கூப்பிடச் சொன்னபோது நானும் மனைவியும் போய் உட்கார்ந்தோம். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் யாராவது வருவார்கள் என்று நினைத்தார் போல. "ரெண்டே பேரா?" என்று கேட்டார். பிறகு, துக்க வீட்டில் பேசுவது மாதிரி குரலைத் தணித்து, "பரவால்ல, நல்லாத்தான் கேக்கும்" என்றார்.

அவருடைய வேலை இது அல்ல. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். அதிகாலைப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, துப்பட்டி மாதிரி அகலமான வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் டப்பாவுடன் யார் வீட்டுக்காவது கிளம்புவார். டப்பாவில் ஸ்க்ரூ டிரைவர், ஒட்டும் நாடா, பென்சில், முன்பு எங்கோ கழற்றிய ஆணிகள். கூலியாகச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் சேம்பு இலையில் வைத்து வேகவைத்த லூ என்றால் இரண்டு பொட்டலம் அங்கேயே, ஒன்று வீட்டுக்கு.

ஒயர் இல்லாத ஸ்பீக்கர் இங்கே பரவியதற்குக் காரணம் பாய்கள். தாழை ஓலையில் மாதக்கணக்கில் முடைந்த பாய்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கைமாறுகிறவை. முன்பெல்லாம் ஒயரைப் பாய்க்கு அடியில் விட்டார்கள். பாயில் வரப்பு மாதிரி மேடு விழுந்தது. எந்தத் தாயும் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. சுவரில் விடலாமென்றால் பாதிக்கு மேல் அரசாங்க வீடுகள். ஓட்டை போடக் கூடாது. அப்போதுதான் பெனி இந்தப் பெட்டிகளைக் கண்டுபிடித்து வந்தார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டார்கள். ஒயர் இல்லை என்றாயே, பின்னே இது என்ன, சுவர் பிளக்கில் சொருகுகிறாய்?

"சத்தத்துக்குத்தான் ஒயர் இல்ல. சோறு வேணாமா அதுக்கு?"

ஒரு வீட்டில் பின் ஸ்பீக்கர்கள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இருமின. மூன்று முறை போய்ப் பார்த்தார். நாலாவது முறை அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மைக்ரோவேவில் இறைச்சி சூடாகும்போதெல்லாம் இருமுகிறது. பெட்டியை அல்ல, மைக்ரோவேவைத் தூக்கிக் கொல்லைப் பக்க வராந்தாவில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணுகிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஸ்பீக்கர் மாட்டும் வேறு யாரும் கேட்காதது. "இங்க அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி யாராவது இருக்கீங்களா?"

தொங்கா வழக்கப்படி, வயதுக்கு வந்த பிறகு கூடப்பிறந்தவனும் கூடப்பிறந்தவளும் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. திரையில் யாராவது யாரையாவது முத்தமிட்டுவிடலாம். அந்த நேரத்தில் அக்கா பக்கத்தில் இருந்தால் தம்பி எங்கே பார்ப்பான்? ஆகவே பெண்கள் ஹாலில், பையன்கள் கராஜில். ஆண்பிள்ளைக்கு அக்காதங்கைதான் மேல். அவள் முன்னால் கெட்ட வார்த்தை இல்லை, கிண்டல் இல்லை, அவள் உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு சொல் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து கராஜுக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் பெனி கேட்கிறார்.

அவருக்கு ஒரு அக்கா. தெருவில் எல்லோருக்கும் அவர் விகா அக்கா. கணவர் இறந்த பிறகு மகள் லோசலீனுடன் முன்வீட்டில் இருக்கிறார். பெனி கொல்லையில் தனி அறையில். மனைவி பிரிந்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. சாப்பாடு அக்கா வீட்டில். சமையலறை வாசற்படியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஹாலில் அக்கா இருந்தால் அதைத் தாண்டிப் போக மாட்டார்; வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார்.

விகா அக்காவின் கண்ணைச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் திரையின் அடியில் ஓடும் எழுத்து போனது. பிறகு முகங்கள். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. ஆனால் சனிக்கிழமை மாலைப் படம் நிற்கவில்லை. அவருடைய சர்ச் தோழிகள் பாயும் பலகாரமும் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் ஆங்கிலக் குரல் கொடுத்த பிலிப்பைன்ஸ் படங்கள். பணக்கார மாமியார், தொலைந்த குழந்தை, மழையில் நிற்கும் மருமகள். தரை நிறைய பெண்கள். முழங்கால் மடங்காததால் விகா அக்கா மட்டும் பின்சுவர் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில். கையைப் பின்னால் நீட்டினால் ஜன்னல் திட்டு.

ஒரு நாள் சாப்பிடும்போது அவர் மகளிடம் சொன்னார். வாசற்படியில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாச் சத்தமும் முன்னாடியே குவிஞ்சு கெடக்குடி. யாரு எங்க நிக்கிறான்னே புரியல. சந்தைக்குள்ள விட்ட மாதிரி இருக்கு."

"நான் சொல்றேனே மா பக்கத்துல உக்காந்து."

"நீ சொல்ற லட்சணம். 'இப்ப அவன் போறான், இப்ப அவ அழுவுறா'. அழுவுறது எனக்குக் கேக்காதா? இன்னும் ரெண்டு வாரம் பாக்குறேன். அப்புறம் அவங்கள வர வேணாம்னு சொல்லிடலாம். அவங்க சிரிக்கும்போது நான் ஏன் சிரிக்கிறேன்னு தெரியாம சிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

பெனி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவர் கையில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன.

ஊரில் அவ்வளவு வீடுகளில் மாட்டியவர் அதுவரை அக்கா வீட்டில் மாட்டியதில்லை. அக்கா மருத்துவமனைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வேலையை முடித்தார். அனுப்பும் பெட்டி டிவி மேசையின் கீழ்த்தட்டில். வலது ஸ்பீக்கர் சமையலறைப் பக்க மூலையில். இடது ஸ்பீக்கர் ஜன்னல் திட்டில். விளக்குகள் எரிந்தன. நடு அறையில் நின்றபடி கண்ணை மூடிக் கேட்டார். இரண்டும் பாடின. யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. கூப்பிட்டால் அக்காவும் வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். படம் ஓட வேண்டும். அவர் அறையில் நிற்க வேண்டும். அது ஆகாது.

அந்தச் சனிக்கிழமை படம் ஓடியது. ஞாயிறு காலை சர்ச் முடிந்து வந்த லோசலீன் வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்த மாமாவிடம் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரனான நான் வேலிக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, சத்தம் நல்லா இருக்குன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

"நல்லா இருக்காமா?"

"ரொம்ப நல்லா இருக்காம்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு கேக்குறாங்க."

"என்ன?"

"அந்தப் படத்துல புருஷன் கோச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போறான்ல. கதவத் தொறக்குறான். அந்தக் கதவ யாருமே சாத்தலியாடின்னு அம்மா என்னைப் போட்டு நச்சரிக்கிறாங்க. மழை வேற பெய்யுதாம். உள்ள கொழந்தை தூங்குதாம்."

"சாத்துனாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பெனி என்னைப் பார்த்தார். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டார். தொட்டால் முதலில் அக்காவுக்குத் தெரிந்துவிடும். கடவுளுக்குத் தெரிவது அதற்குப் பிறகு. அன்று முழுவதும் கொல்லையில் அங்குமிங்கும் நடந்தார்.

திங்கட்கிழமை லொபெத்தி வீட்டில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார். லொபெத்தி அவரோடு பெட்டி ஏற்றுகிறவன், வாய் ஓயாதவன். அவன் வீட்டு ஸ்பீக்கர்களும் பெனி மாட்டியவைதான். புருஷன் திரையைத் தாண்டி நமக்குப் பின்னால் நடந்து போகிறான். காலடி இடது தோளுக்குப் பின்னால் போகிறது. அங்கே கதவு சாத்தப்படுகிறது, தொம்மென்று.

"சாத்துறான்," என்றார் பெனி.

"சாத்தாம? மழை அடிக்குதே," என்றான் லொபெத்தி.

அதாவது, ஆள் நிறைந்த அக்கா வீட்டில் இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. அக்காவின் உலகத்தில் இடது தோளுக்குப் பின்னால் போனவர்கள் திரும்பி வருவதில்லை.

அன்று மாலை அவர் சமையலறை வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாராம். லோசலீன் சொன்னாள்.

"அக்கா, சத்தம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி. உனக்குத்தான் எவ்வளவு சிரமம்."

"இடது பக்கம்..."

"எல்லாப் பக்கமும் நல்லா இருக்கு. சாப்பிட்டியா?"

அதற்கு மேல் கேட்டால் அக்கா பொய் சொல்வதாக ஆகும். ஆமாம், சரியில்லை என்று அக்கா சொன்னால் தம்பியின் உழைப்பைக் குறை சொன்னதாக ஆகும். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நடுவில் யாரும் நடக்கவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று நான் லோசலீனிடம் கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? அம்மா நாற்காலில உக்காந்ததும் அந்த ஸ்பீக்கர் நின்னு போயிடுதுன்னா? மாமா வெக்கத்துல பூமிக்குள்ள போயிடுவார். அம்மாவே வேணும்னு அங்க உக்காந்து கெடுத்த மாதிரி ஆயிடும்."

அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மதியம் விகா அக்கா பாட்டுப் பயிற்சிக்கு சர்ச்சுக்குப் போனதும், பெனியின் பணிக்கூட்டம் முழுவதும் வேனில் வந்து இறங்கியது. விமான நிலையத்தின் ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொருவரும் ஒரு அலமாரி. என்னையும் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார். காலணிகளை வாசலில் குவித்துவிட்டு உள்ளே போனோம். பெனி ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார். சனிக்கிழமைப் பெண்கள் எங்கெங்கே உட்காருவார்கள் என்று லோசலீனிடம் கேட்டு வைத்திருந்தார்.

"நீங்க இங்க. நீங்க பாஸ்டர் பெண்டாட்டி."

அது நான்தான்.

"நான் யாரு?" என்றான் லொபெத்தி.

"நீ செலா சித்தி."

"சித்தி எப்படி உக்காருவாங்க?"

"காலை நீட்டி. வாய் மூடாம."

"அப்போ சரியான ஆளத்தான் போட்டிருக்க." அவன் காலை நீட்டினான். இல்லாத விசிறியால் விசிறிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவன் தோளில் சாய்ந்தான். "கேட்டியா, அந்த மாலகாய் வீட்டுப் பொண்ணு மறுபடியும் சர்ச்சுக்கு மஞ்சள் கவுனு போட்டுட்டு வந்தா."

"சும்மா இருங்க சித்தி, படம் போடுறாங்க," என்றான் தோள் கொடுத்தவன்.

மழை பெய்யும் காட்சியைப் பெனி ஓடவிட்டார். வலது பாடியது. இடதும் பாடியது. புருஷன் நடந்தான்; கதவு தொம்மென்று மூடியது. திரும்பப் போட்டார். மறுபடி மூடியது. நாங்கள் அத்தனை பேரும் குறுக்கே உட்கார்ந்திருந்தும் ஒரு குறையும் இல்லை.

"ஸ்பீக்கர் திட்டு மேல இருக்கு, நாம தரையில இருக்கோம். நம்ம தலைக்கு மேலயே போயிடுது," என்றான் ஒருவன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தோம். அனுப்பும் பெட்டிக்கும் இடது ஸ்பீக்கருக்கும் நேர்க்கோட்டில், திட்டுக்கு முன்னால் அது இருந்தது.

"அதுல யாராவது உக்காந்தாத்தான் தெரியும்," என்றான் லொபெத்தி.

அது அக்காவின் நாற்காலி. யாரும் கிட்டே போகவில்லை.

"நீயே உக்காரேன்," என்றான் ஒருவன் அவனிடம்.

"அடிப்பேன்," என்றார் பெனி.

"பின்ன, இவரு உக்காரட்டும். இவரு பக்கத்து வீடு." என்னைக் காட்டினான்.

"இவர் எடை பத்தாது," என்று பெனி வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. காது சிவந்துவிட்டது. பணிக்கூட்டம் முழுவதும் கூரையை ஆராய்ந்தது.

அவர் கொல்லைக்குப் போனார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கிவந்தார். "மனுசன் பாதிக்கு மேல தண்ணிதானாம்," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, நாற்காலியில் வைத்தார். வைக்கும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டார். இடது பாடியது. இன்னொரு கேன் கொண்டுவந்தார். பாடியது, லேசாகக் கரகரத்தது.

"இன்னும் ஒண்ணு வேணும்," என்றான் லொபெத்தி.

"போதும்."

"போதாதுடா. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

பெனி இரண்டு கேன்களையும் நேராக்கி வைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் போய் மூன்றாவதைக் கொண்டுவந்தார். அதை மற்ற இரண்டுக்கும் மேலே, சாய்மானத்தில் பொருந்த வைத்தார். புருஷன் நடந்தான். இடது தோளுக்குப் பின்னால் போனான். கதவு மூடவில்லை. மழையும் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

லொபெத்திதான் மெல்ல ஆரம்பித்தான். "அப்போ அக்காதான்..."

"பெட்டி தாழ்வா இருக்கு," என்றார் பெனி.

"இல்ல, அக்காவோட..."

"பெட்டி தாழ்வா இருக்குன்னு சொன்னேன்."

"ஆமா ஆமா," என்றான் லொபெத்தி. "ரொம்பத் தாழ்வா இருக்கு. யாருடா அங்க வச்சது, முட்டாப் பய?"

"நான்தான்," என்றார் பெனி. அதற்குச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அனுப்பும் பெட்டியை எடுத்து டிவிக்கு மேலே திரைச்சீலைக் கம்பியின் ஓரத்தில், கூரையைத் தொடும் உயரத்தில் நாடா போட்டுக் கட்டினார். ஓட்டை ஒன்றும் போடவில்லை. அங்கிருந்து பார்த்தால் யார் உட்கார்ந்திருந்தாலும் தலைக்கு மேல் ஜன்னல் திட்டு தெரியும். மூன்று கேன்களும் நாற்காலியிலேயே இருந்தன. புருஷன் நடந்தான். நாங்கள் எல்லோரும் இடது பக்கமாகக் கழுத்தைத் திருப்பிக் காத்திருந்தோம்.

தொம்.

"ஆமென்," என்றான் லொபெத்தி.

அவர்கள் வேனில் ஏறிப் போன பிறகு பெனி கேன்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோனார். நாற்காலியில் ஈரவட்டம் படிந்திருந்தது. துணி தேடவில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றித் துடைத்தார். கையை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

பொழுது சாயும்போது பெண்கள் வந்தார்கள். இங்கே கோடையான பிப்ரவரியின் வெக்கை. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. வேறு படம் போடலாம் என்று ஒருத்தி சொன்னதும், போன வாரத்துப் படத்தைத்தான் போட வேண்டும் என்று விகா அக்கா சொன்னது என் கொல்லைவரை கேட்டது.

"அதத்தான் பாத்தாச்சே."

"நீங்க பாத்தீங்க. அந்தக் கதவு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

பெனி வந்து வேலியைத் தட்டினார். "வாங்களேன். இடது பாடுதான்னு மட்டும் கேட்டுட்டு வந்துரலாம்." தனியாகப் போய் அக்கா வீட்டு ஜன்னலுக்கு அடியில் நிற்பதைவிட என்னோடு நிற்பது அவருக்கு எளிது போல. பின்சுவரை ஒட்டி, இரண்டு பால் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். தலைக்கு மேலே ஜன்னல். ஸ்பீக்கரின் முதுகு தெரிந்தது. உள்ளே இருக்கும் எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்களும் அவர்களுக்குத் தெரிய மாட்டோம்.

படம் தொடங்கியது. பணக்கார மாமியார் கத்தினாள். மருமகள் அழுதாள். பெண்கள் மாமியாரைத் திட்டினார்கள். மழை வந்தது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், மங்கலாக, இரண்டு மூலையிலும். புருஷன் கோபமாகப் பேசினான். பெனி என் கையைப் பிடித்துக்கொண்டார். காலடி எழுந்து, அறையைக் கடந்து, நேராக எங்கள் தலையை நோக்கி வந்தது.

தொம்.



"ஆ," என்றார் விகா அக்கா. "சாத்திட்டான்."

"சாத்தாம என்ன," என்றாள் ஒருத்தி. "போன வாரமும் சாத்துனான்."

"எனக்கு இன்னைக்குத்தான் சாத்துனான். கொழந்தை நனையல." அவர் நாற்காலி கிரீச்சிட்டது. "அவன் தோட்டத்துப் பக்கமா போறான், பாரு. இந்தப் பக்கம். வாசப் பக்கம் போகல. அப்போ திரும்பி வருவான்."

"கதைய சொல்லாத விகா!"

பெனி என் கையை விட்டார். அடக்கிவைத்திருந்த மூச்சு இருமலாக வெளியே வந்தது. ஒரு முறை இருமினால் அவருக்கு நாலு முறை இருமாமல் நிற்காது.

"யாரது வெளிய?" என்றாள் ஒருத்தி.

லோசலீனின் முகம் ஜன்னலில் தெரிந்து மறைந்தது. "மாமா மா."

படம் மட்டும் தனியாக ஓடியது. பெனி எழுந்துவிட்டார். வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கேட்டுச்சு, போதும், போலாம்" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"அவன உக்காரச் சொல்லு," என்று விகா அக்கா மகளிடம் சொன்னார். "அது கொல்லைதானே. ஹாலா?"

பெண்கள் அதைக் கொஞ்சம் யோசித்தார்கள். கொல்லை ஹால் அல்ல என்பதை யாரும் மறுக்கவில்லை. பெனி என்னைப் பார்த்தார். நான் கூடையில் உட்கார்ந்தே இருந்தேன். அவரும் உட்கார்ந்தார், விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவர் மாதிரி.

அப்போது ஜன்னல் திரை அசைந்தது. கனமான ஒரு கை பின்னோக்கி நீண்டு வந்தது. திட்டைத் தடவியது. ஸ்பீக்கரின் விளிம்பைக் கண்டுபிடித்தது. ஒயர் முறுகாதபடி, மெல்ல மெல்ல, அதன் முகத்தை வெளியே எங்கள் பக்கம் திருப்பியது.

"அக்கா, அது உங்களுக்கு வச்சது," என்றார் பெனி, தரையைப் பார்த்து.

"கேளு தம்பி."

கை உள்ளே போனது. படத்தின் மழை முழுவதும் எங்கள் மேல் பெய்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பெனி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்காரி ஏதோ பொய் சொன்னாள். ஒரு கார் வந்து நின்றது. தோட்டத்துப் பக்கமாகப் போனவன் திரும்பி வந்துவிட்டான். விகா அக்கா சொன்ன மாதிரியே. அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் முதலில் பேசவில்லை. பிறகு பேசினாள். பிறகு இருவரும் பேசவில்லை. வயலின் ஒன்று மெதுவாக ஆரம்பித்தது.

பெனி பாதி எழுந்துவிட்டார்.

அவர் முழுதும் எழுவதற்குள் ஜன்னலில் அந்தக் கை வந்து, ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பியது. எங்களுக்கு வயலின் மங்கிப்போனது; உள்ளே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பெனி பாதி எழுந்தபடியே நின்றார். கொஞ்ச நேரம் கழிந்தது. கை மறுபடி வந்து, ஸ்பீக்கரைத் தம்பியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனது.